படிப்பறையில் புனித எரோணிமுஸ்

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) 1514ஆம் ஆண்டில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். உயரம் ஏறத்தாழ 25 செ.மீ., அகலம் 19 செ.மீ. விவிலியத்தை இலத்தீனில் தந்த புனித எரோணிமுஸ் (ஜெரோம் என்றும் எழுதுவர்) தம் அறையில் தனித்திருந்து எழுதும் காட்சி இதில் உள்ளது. டியூரரின் 'வீரன், சாவு, சாத்தான்' (1513), 'மெலன்கோலியா' (1514) ஆகிய இரண்டோடும் சேர்த்து இதை அவருடைய மூன்று தலைசிறந்த செதுக்குப்படங்களில் ஒன்றாகக் கலை வரலாற்றாளர்கள் வைக்கிறார்கள். ஐரோப்பாவில் அச்சான இத்தகைய துறவியர் படங்கள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயேசு சபைத் துறவியரோடு இந்தியாவுக்கு வந்தன. முகலாய ஓவியர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தார்கள். தெற்கே வேலூரில் இருந்த விசயநகர அரசவைக்கும் ஐரோப்பிய ஓவியர்கள் இருவர் வந்து பணிபுரிந்தனர். இந்தத் தொடர்பால், நியூரம்பெர்க் நகரில் பிறந்த இப்படத்தின் கதையில் பாலாற்றங்கரை வேலூருக்கும் இடம் இருக்கிறது.

படத்தில் உள்ளவை

அறையின் கடைக்கோடியில், பெரிய மேசைமேல் சாய்வான சிறு எழுதுபலகையை வைத்துக்கொண்டு கிழவர் குனிந்து எழுதுகிறார். தலையைச் சுற்றி ஒளிவட்டம். மேசை மூலையில் சிலுவை. அவருக்குப் பின்னால் சுவரில் கர்தினால் தொப்பியும் மணற்கடிகையும் தொங்குகின்றன. சுவரில் அடித்த பட்டையில் கடிதங்களும் கத்தரிக்கோலும் செருகியிருக்கின்றன. இடப்பக்கச் சன்னல் திண்டில் மண்டையோடு. பெஞ்சில் மெத்தைகள், நூல்கள். அதன் அடியில் கழற்றிவிட்ட செருப்பு. மேலே உத்தரத்திலிருந்து காய்ந்த சுரைக்காய் ஒன்று தொங்குகிறது. முன்னால், வாசலை மறித்தாற்போல் சிங்கம் படுத்திருக்கிறது. அதன் அருகில் சிறு நாய் உறங்குகிறது. வலப்பக்கத் தரையில் கிடக்கும் சிறு பலகையில் ஆண்டும் டியூரரின் பெயரெழுத்துகளும் உள்ளன.

பார்ப்பவர் கண் முதலில் சிங்கத்துக்குத்தான் போகும். ஆனால் படத்தின் உயிர் சன்னலில் இருக்கிறது. வட்டக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த சன்னல் வழியே வெயில் விழுகிறது. சில்லுகளின் வட்ட நிழல்கள் சன்னலின் உட்சுவரில் தோய்ந்து நிற்கின்றன. மேசையின் மேல்தளம், உத்தரத்தின் அடிப்பக்கம், கிழவரின் தலை என்று ஒவ்வொன்றிலும் அந்த வெயில் வேறு வேறு அளவில் படிகிறது. இதில் வெள்ளை மை என்று எதுவும் கிடையாது. ஒளி என்று நாம் காண்பதெல்லாம் மை படாமல் விட்ட வெறுந்தாள். கோடுகளின் நெருக்கத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் ஒரு முற்பகல் வெயிலை முழுதாகக் கொண்டுவந்திருப்பதுதான் இந்தப் படத்தின் மிகப்பெரிய சாதனை என்பேன். சின்னங்களைப் பொருள்கொள்வதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தச் சன்னலுக்குத் தரவேண்டும்.

அறையின் நீளத்தையும் ஆழத்தையும் டியூரர் கணக்குப் போட்டே வரைந்தார். இத்தாலியில் இருந்தபோது, 1506இல், தூரக்காட்சிக் கணிதம் கற்க போலோன்யாவுக்குப் போவதாக நண்பருக்கு எழுதியவர் அவர். பின்னாளில், 1525இல், அளவியல் பற்றித் தாமே நூல் வெளியிட்டார். இப்படத்தில் கோடுகள் அனைத்தும் சென்று கூடும் புள்ளியை வலப்பக்க ஓரத்தை ஒட்டி வைத்திருக்கிறார். அதனால் நாம் அறைக்கு நேர் எதிரே நிற்பதில்லை. வாசற்படியில் ஒருபக்கமாக ஒதுங்கி நின்று எட்டிப்பார்ப்பது போல் உணர்கிறோம். கிழவர் நம்மைக் கவனிக்கவில்லை. அவர் தலையிலிருந்து சிலுவை வழியாகக் கோடு ஒன்றை நீட்டினால் அது சன்னலோர மண்டையோட்டைத் தொடும்.

தியானம் என்றதும் கண் மூடி அமர்ந்த உருவம் நம் நினைவுக்கு வரும். இங்கே தியானம் என்பது எழுத்து வேலை. அந்தக் கிழவரின் கை ஓயவில்லை. அறையின் அமைதி வேலையிலிருந்து விலகியதால் வந்த அமைதியன்று. வேலையில் முழுதாக ஆழ்ந்ததால் வந்தது. கலை வரலாற்றாளர் எர்வின் பானோஃப்ஸ்கி டியூரர் பற்றி 1943இல் வெளியிட்ட நூலில் மூன்று படங்களையும் மூன்று வாழ்க்கை முறைகளாகக் கண்டார்: செயலில் இறங்கும் அறவீரன், இறைச்சிந்தனையில் வாழும் அறிஞன், உலக அறிவோடு மல்லுக்கட்டிச் சோர்ந்த படைப்பாளி. 'மெலன்கோலியா'வில் கருவிகள் சிதறிக் கிடக்க, சிறகுள்ள பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். எரோணிமுஸின் அறையில் செருப்புகூட அதனதன் இடத்தில் இருக்கிறது. டியூரரே இவ்விரண்டையும் சேர்த்தே பலருக்கும் கொடுத்ததை அவருடைய நெதர்லாந்துப் பயணக் குறிப்புகள் (1520–21) காட்டுகின்றன. 1514ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய தாய் பார்பரா இறந்தார் என்பதையும் இந்தப் படங்களைப் பார்க்கும்போது மறக்க முடியவில்லை.

செதுக்கும் முறை

டியூரரின் தந்தை பொற்கொல்லர். மகனும் அந்தப் பட்டறையில்தான் முதலில் கைப்பழக்கம் பெற்றார். செப்புத்தகட்டு அச்சு 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பொற்கொல்லர் கைகளிலிருந்து வளர்ந்த கலை. மெருகேற்றிய செப்புத்தகட்டை, மணல் அடைத்த தோல் திண்டின்மேல் வைப்பார்கள். கூர்முனை எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வளைகோடு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை. திண்டின்மேல் தகட்டைத்தான் சுழற்றுவார்கள். கோட்டின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறைச் சுரண்டி எடுத்தபின் தகடு முழுதும் மை தேய்த்து, மேற்பரப்பைத் துணியாலும் கையாலும் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளைப் போட்டு உருளை அழுத்தியில் இழுத்தால் தாள் பள்ளத்துக்குள் அமிழ்ந்து மையை வாங்கிக்கொள்ளும்.

இது தமிழருக்கு முற்றிலும் புதிய வழிமுறையாகப் படாது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி மை தடவித் துடைத்துக் கீறலை மட்டும் கறுப்பாக்கிய மரபு நம்முடையது. செப்பேடு வெட்டிய கைகளும் இங்கே இருந்தன. ஓலையும் செப்பேடும் ஒரே பிரதியாக நின்றன. டியூரரின் தகடு நூற்றுக்கணக்கில் பிரதி தந்தது. மெல்லிய கோடுகள் தேயத் தொடங்கும் முன் எடுத்த பிரதிகளில்தான் அந்தச் சன்னல் வெயில் உண்மையாக ஒளிரும். பிந்திய பிரதிகளில் நிழல்கள் வெளிறிப்போகும். படத்தை மதிப்பிடுபவர்கள் எந்தக் கட்டத்துப் பிரதி என்று முதலில் கேட்பது இதனால்தான்.

எரோணிமுஸும் தோல் ஏடுகளும்

வரலாற்று எரோணிமுஸ் ஏறத்தாழ 347இல் ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்தார். சிரியாவின் கல்கிஸ் பாலைவனத்தில் துறவியாகத் தவம் புரிந்தார். அங்கேதான் எபிரேயம் கற்கத் தொடங்கினார். 382இல் உரோமைக்கு வந்தவரிடம் திருத்தந்தை தமாசுஸ் பழைய இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தும் பணியை ஒப்படைத்தார். 386 முதல் பெத்லகேமில் தங்கி, பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்தே இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். பவுலா என்னும் செல்வச் சீமாட்டியும் அவர் மகள் யூஸ்தோக்கியமும் அவருக்குத் துணைநின்றார்கள். 420இல் மறைந்தார். அவர் காலத்தில் கர்தினால் பதவி கிடையாது; தொப்பி பிற்கால ஓவியர்கள் சூட்டியது. சிங்கத்தின் காலில் தைத்த முள்ளை எடுத்த கதையும் கெராசிமுஸ் என்ற வேறொரு துறவியுடையது. இடைக்காலத்தில் பெயர்க் குழப்பத்தால் இவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. கடிதங்களில் அவர் சீக்கிரம் கோபப்படுபவர், எதிரிகளைக் கடுமையாகச் சாடுபவர். டியூரர் வரைந்த அமைதியான அறை அவருக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தாருக்கு எரோணிமுஸின் காலம் வேறொரு காரணத்தாலும் நெருக்கமானது. நூல்கள் நாணல்தாளிலிருந்து தோலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. செசரியா நகரின் புகழ்பெற்ற நூலகத்தில் சிதைந்துகொண்டிருந்த சுவடிகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்க அங்குள்ள ஆயர்கள் முயன்றதை அவரே எழுதிவைத்திருக்கிறார். தோலுக்கு ஊதா நிறமேற்றிப் பொன்னெழுத்தில் நூல் எழுதி வைத்துக்கொள்ளும் பணக்காரர்களையும் கண்டித்திருக்கிறார். வாசலில் ஏழை ஆடையின்றிக் கிடக்க ஏட்டுக்கு இத்தனை அலங்காரமா என்பது அவர் கேள்வி.

தோல் ஏடு செய்யும் வேலையின் முதற்பாதி ஆம்பூர் டேனரியில் நடப்பதுதான். ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரும் சவ்வும் நீக்குவார்கள். இங்கே அதற்குப் பிறகு பட்டைச் சாறோ குரோமியமோ சேர்த்துத் தோலைப் பதனிடுவார்கள். தோல் ஏட்டில் பதனிடும் கட்டமே இல்லை. ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி, இழுவிசையிலேயே காயவிடுவார்கள். அதனால்தான் அது மையை ஏற்கும் வெண்பரப்பாக நிற்கிறது. நனைந்தால் மீண்டும் பச்சைத்தோல் போலத் தளர்ந்துவிடுகிறது.

படத்தில் பெஞ்சில் கிடக்கும் நூல்களுக்கு அட்டை போர்த்தும் கலையிலும் நம் பகுதிக்குப் பிற்காலத்தில் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் பெருமளவில் போயிற்று. மலிவான நூற்கட்டுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இலண்டனில் கலைக் கழகம் ஒன்று அமைத்த குழு 1901இலும் 1905இலும் அளித்த அறிக்கைகள், நூலகக் காற்றில் அத்தோல் பத்தாண்டுக்குள்ளேயே செந்தூளாக உதிரத் தொடங்குவதாகச் சொல்லின. பதனிட்டவர் கைத்திறனில் குறையில்லை. அந்த வகைப் பட்டைச் சத்து எரிவாயு விளக்கின் புகையில் உள்ள கந்தக அமிலத்தைத் தாங்காது என்பதே காரணம்.

எரோணிமுஸின் எழுத்தில் இந்தியாவும் வருகிறது. அலெக்சாந்திரிய அறிஞர் பந்தேனுஸ் பிராமணர்களிடையே நற்செய்தி சொல்ல இந்தியா சென்றதாக எழுதியிருக்கிறார். 393 வாக்கில் யோவினியானுஸ் என்பவரை மறுத்து எழுதிய நூலில் புத்தரின் பிறப்புக் கதையைக் குறிப்பிடுகிறார். இலத்தீனில் புத்தர் பெயர் வரும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று.

தொங்கும் சுரைக்காய்

உத்தரத்தில் தொங்கும் சுரைக்காய் ஏன் என்ற கேள்விக்கு நல்ல விடை 1971இல்தான் வந்தது. யோனா இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியைப் பழைய இலத்தீன் பெயர்ப்பு சுரை என்றது. எரோணிமுஸ் ஐவி என்னும் படர்கொடி என்று மாற்றினார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் ஆயர் இந்தப் புதிய பெயர்ப்பைக் கோயிலில் வாசித்தபோது, பழகிய சொல்லைக் கேட்காத மக்கள் கொதித்தெழுந்தார்கள். நிலைமை முற்றி ஆயர் தம் மந்தையையே இழக்கும் அளவுக்குப் போயிற்று என்று இறையியலாளர் அகுஸ்தீன் எரோணிமுஸுக்குக் கடிதம் எழுதினார். இருவருக்கும் இடையே இது பெரிய வழக்காயிற்று. டியூரர் அந்தக் காயை எரோணிமுஸின் அறையில் மாட்டிவைத்தது இந்தச் சர்ச்சையை அறிந்துதான் என்று கலை வரலாற்றாளர் பீட்டர் பார்ஷல் வாதிட்டார். நியூரம்பெர்க்கின் மனிதநேய அறிஞர்களோடு டியூரருக்கு இருந்த நட்பை நினைத்தால் இது ஏற்கத்தக்கதே.

டியூரரின் பிற எரோணிமுஸ் படங்கள்

இந்தத் துறவியை டியூரர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1492இல் பாசல் நகரில் வெளிவந்த எரோணிமுஸ் கடிதத் தொகுப்பின் முகப்புக்கு மரச்செதுக்கு, 1496 வாக்கில் பாலைநிலத்தில் மார்பில் கல்லால் அறைந்துகொண்டு தவம் புரியும் உருவம், 1511இல் இன்னொரு மரச்செதுக்கு, 1512இல் மொட்டை வில்லோ மரத்தடியில் அமர்ந்த உருவம் என்று தொடர்ந்து வந்தன. 1521இல் அந்துவெர்ப்பில் வரைந்த வண்ண ஓவியம் இவற்றிலெல்லாம் தனியானது. 93 வயதுக் கிழவர் ஒருவரை மாதிரியாக வைத்து வரைந்து, போர்த்துகீசிய வணிக நிலையத்தைச் சேர்ந்த ரொட்ரிகோ பெர்னாண்டஸ் தல்மாதாவுக்கு அன்பளிப்பாகத் தந்தார். இன்று அது லிசுபனில் இருக்கிறது. அந்த வணிக நிலையத்தின் செல்வம் இந்தியப் பெருங்கடலிலிருந்து வந்த மிளகிலும் மருந்துச் சரக்கிலும் விளைந்தது. அந்துவெர்ப்பில் போர்த்துகீசியர் தந்த கள்ளிக்கோட்டைத் துணிகளையும் தேங்காய்களையும் டியூரர் தம் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறார்.

இந்தியாவுக்கு வந்த வழி

டியூரரின் தகடுகள் அவர் இறந்தபின்பும் பலரைப் பயிற்றின. அந்துவெர்ப்பின் வீரிக்ஸ் சகோதரர்கள் 1560களில், சிறுவர்களாக இருந்தபோதே, அவருடைய படங்களை மயிரிழை பிசகாமல் படியெடுத்துக் கற்றார்கள்; படிப்பறை எரோணிமுஸும் அவற்றில் ஒன்று. பின்னாளில் இதே சகோதரர்கள்தான் இயேசு சபைக்காக, எரோணிமுஸ் நடால் திட்டமிட்ட நற்செய்திப் படத்தொகுதியின் (1593) பெரும்பகுதியைச் செதுக்கினார்கள். மறைபரப்பாளர் பெட்டிகளில் கடல்கடந்த அந்தத் தொகுதியில் டியூரரின் செதுக்குமுறையும் சேர்ந்தே பயணம் செய்தது.

1580இல் ருடால்ஃப் அக்குவாவிவா தலைமையில் ஃபதேபூர் சிக்ரிக்குப் போன துறவியர், அந்துவெர்ப்பில் பிளாந்தான் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அக்பருக்கு வழங்கினார்கள். 1595இல் வந்த மூன்றாவது குழுவின் தலைவர் பெயரும் எரோணிமுஸ்தான்: எரோணிமுஸ் சவேரியார், புனித பிரான்சிஸ் சவேரியாரின் உறவினர். அரண்மனைக் கலைக்கூடத்து ஓவியர்கள் அச்சுப்படங்களை ஆவலோடு வாங்கிப் பார்த்தார்கள். அபுல் ஹசன் தம் 13ஆம் வயதில், 1600 வாக்கில், டியூரரின் 1511ஆம் ஆண்டுச் சிலுவைப்பாடு படத்திலிருந்து புனித யோவானை மட்டும் தனியே எடுத்து வரைந்தார். கைகோத்து மேல்நோக்கி நிற்கும் அந்த உருவத்தின் ஆடை மடிப்புகள் மூலத்தைவிட மென்மையானவை. ஓவியம் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வளர்ந்தபின் அவர் ஜஹாங்கீரின் முதன்மை ஓவியரானார்.

அதே அவையில் எரோணிமுஸையே வரைந்தவர் கேசவதாஸ். 1580களில் அவர் வரைந்த சிற்றோவியம் பாரிசின் கீமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலியச் செதுக்காளர் மாரியோ கார்த்தாரோவின் 1564ஆம் ஆண்டுப் படம் அதற்கு மூலம். அதன் உருவமோ மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் வரைந்த நோவாவிடமிருந்து வந்தது. மதுமயக்கத்தில் சாய்ந்து கிடந்த நோவா, முகலாய அவைக்கு வந்து சேர்வதற்குள் நூலோடு மரத்தடியில் ஓய்ந்திருக்கும் முனிவராகிவிட்டார். கறுப்புக் கோட்டில் மட்டும் இருந்ததைக் கேசவதாஸ் வண்ணத்தில் மீட்டார். ஐரோப்பியர் அறைக்குள் வைத்த ஞானியை நாம் மரத்தடியில் எதிர்பார்ப்பவர்கள். கேசவதாஸின் முனிவர் அதனாலேயே நமக்கு உடனே பிடித்துவிடுகிறார்.

வேலூர் அரசவை

தமிழகத்தில் அடியார் வாழ்க்கைகள் முதலில் எழுத்தாகவே வந்தன. அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் முத்துக்குளித்துறையில் தமிழில் அச்சானது. படங்களின் கதை தொண்டை நாட்டில் தொடங்குகிறது. 1598இல் மயிலாப்பூரின் சாந்தோமிலிருந்து இயேசு சபைத் துறவியர் சந்திரகிரிக்குச் சென்று, ஆரவீடு மரபின் இரண்டாம் வேங்கடபதி ராயரைக் கண்டனர். கோயில் கட்டிக்கொள்ள இசைவும் பெற்றனர். அடுத்த சில ஆண்டுகளில் ராயர் தம் இருக்கையை வேலூர்க் கோட்டைக்கு மாற்றினார். துறவியரும் அங்கே வந்தார்கள்.

ராயருக்கு ஓவியத்தில் இருந்த விருப்பத்தைக் கண்டுகொண்ட சபையினர், அலெக்சாந்தர் ஃப்ரே என்னும் ஆங்கிலேய ஓவியரை அனுப்பினார்கள். அவர் சபையின் துணைச் சகோதரர். அவருக்குப் பின், 1607 வாக்கில், பர்த்தலோமேயோ ஃபோந்தெபோனா என்னும் இத்தாலியர் வந்தார். இவர்களின் பணியைத் துறவியர் எழுதிய கடிதங்களிலிருந்து திரட்டித் தந்தவர் மும்பை புனித சவேரியார் கல்லூரியின் வரலாற்றாசிரியர் ஹென்றி ஹெராஸ். அவருடைய 'ஆரவீடு மரபு' நூல் 1927இல் வெளிவந்தது. முகலாய அவையைப் பற்றி எழுதிக் குவித்த கலை வரலாறு வேலூரை ஓரிரு வரியில் கடந்துபோவது நியாயமில்லை. வடக்கே அச்சுப்படத்தைக் கொடுத்து உள்ளூர் ஓவியரை வரையச் செய்தார்கள். இங்கே ஐரோப்பிய ஓவியரே தூரிகையோடு வந்து அரசர் முன்னால் வரைந்தார்.

நூலும் உரையுமாக வாழ்ந்த அறிஞரைப் போற்றுவது அந்தக் கோட்டைக்குப் புதிதாகவும் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் அங்கிருந்து ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர், அப்பைய தீட்சிதர் 'சிவார்க்க மணி தீபிகை' உரையை முடித்தபோது அவருக்குப் பொன்னால் நீராட்டியதை 1582ஆம் ஆண்டின் அடையபலம் கல்வெட்டு சொல்கிறது. அந்த உரையைப் படிக்க 500 அறிஞர்களுக்கு ஆதரவும் தரப்பட்டது. பெத்லகேமில் உரை எழுதிய எரோணிமுஸை விளக்க, வேலூரில் துறவியருக்கு அதிகம் பாடுபட வேண்டியிருந்திருக்காது.

துறவியரில் அந்தோனியோ ருபினோ என்னும் இத்தாலியர் நாட்டின் நிலப்படம் வரைவதிலும் இங்குள்ள வானியலை அறிவதிலும் ஈடுபட்டார். 1643இல் ஜப்பானின் நாகசாகியில் மறைசாட்சியாக இறந்தார். 1614இல் வேங்கடபதி ராயர் மறைந்ததும் வாரிசுப் போர் மூண்டது. பிரபுக்களில் ஒருவனான ஜக்கராயன் புதிய அரசரையும் அவர் குடும்பத்தையும் கொன்றான். அவனை எதிர்த்த யாசம நாயக்கர் காப்பாற்றிய, அக்குடும்பத்துச் சிறுவன் ராமதேவனின் அரசுரிமையை முன்னிட்டுத் தஞ்சை நாயக்கரும் மதுரை நாயக்கரும் எதிரெதிர் அணியில் நின்று தோப்பூரில் மோதினர். இந்தப் போர்களைப் பற்றிய முதன்மைச் சான்றுகளில் ஒன்றும் இயேசு சபைக் கடிதமே: மனுவேல் பராதாஸ் 1616இல் எழுதியது.